ஒற்றைக் குமிழ் மெற்றல் டிடெக்டரும் தென்கோளத் தமிழ் மகாசபையும்

கேதீஸ்வரன் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். கடைக்குப் போய்க் காரியத்தை முடித்திருக்க வேண்டிய மனிதர், கூட்டத்துக்குப் போனார்.

காரியம் என்னவென்றால், மணலுக்குள் தொலைந்த ஒரு தங்கக் காப்பைத் தேடி எடுப்பது. காப்பு அவருடைய மனைவி யோகராணியுடையது. தொலைந்தது 1979ஆம் ஆண்டு தை மாதம், வெரிபீக்குத் தெற்கேயுள்ள கடற்கரையில், தென்கோளத் தமிழ் மகாசபையின் வருடாந்தச் சுற்றுலாவில். பூமியின் தென்பாதி முழுவதற்கும் பொறுப்பேற்றிருந்த அந்த மகாசபையில் அப்போது நாற்பத்தொரு குடும்பங்கள் இருந்தன. எல்லாமே மெல்பேர்னில் இருந்தன.

அன்று மகளிர் கயிறிழுத்தல் போட்டி. யோகராணிக்கு விருப்பமில்லை, ஒரு மரத்தடியில் ஒதுங்கி இருந்தார். ஆனால் குடும்பத்துக்கு ஒரு பெண் கயிறு பிடிக்க வேண்டும் என்று சபையின் சட்டப் புத்தகமான யாப்பில் ஒரு விதி இருந்தபடியால், தலைவர் மகேந்திரராஜா தாமே வந்து கயிற்று நுனியை அவருடைய கையில் வைத்துவிட்டுப் போனார். இரு பக்கமும் இழுத்த இழுப்பில் எல்லாரும் மணலில் விழுந்து புரண்டார்கள். எழும்பிப் பார்த்தால் யோகராணியின் வலக்கைக் காப்பைக் காணவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஆவணியில் அனுராதபுரத்தில் அவர்களுடைய வீடு எரிந்தபோது, மிஞ்சியது அவருடைய கைகளில் கிடந்த அந்தச் சோடிக் காப்பு மட்டுந்தான். அதற்குப் பிறகு கை மெலிந்துவிட்டது. காப்பு மெலியவில்லை. இழுத்த இழுப்பில் அது வழுகிப் போனதில் அதிசயம் ஒன்றுமில்லை. நாற்பது பேர் சேர்ந்து மணலைக் கிளறினார்கள், கிளறக் கிளற அது இன்னும் கீழே போயிருக்கும். காப்பு எங்கும் ஓடிவிடாது, மணலுக்குள்தானே கிடக்கிறது என்று தலைவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் பரிசளிப்பைத் தொடங்கினார்.

கேதீஸ்வரன் கிளேட்டனில் ஒரு தகர டப்பாத் தொழிற்சாலையில் களஞ்சிய எழுதுவினைஞர். கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, இதற்குப் போய் ஏன் அழுகிறாய், மெற்றல் டிடெக்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போ என்றார். அந்த நாட்களில் பல்லாரற் பக்கத்துப் பற்றைகளுக்குள் தங்கம் தேடி அந்தக் கருவியோடு திரியாத ஆட்கள் குறைவு. டண்டெனோங்கில் தூண்டிலும் கூடாரமும் விற்கும் ஒரு கடையின் விலாசத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார்.

கடைக்காரக் கிழவர் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார். எங்கே விழுந்தது, காய்ந்த மணலா நனைந்த மணலா, எவ்வளவு ஆழம் இருக்கும். காய்ந்த மணல், முழங்கை ஆழத்துக்குள்தான் இருக்கும் என்று கேதீஸ்வரன் சொன்னதும், கிழவர் கொக்கியில் தொங்கிய ஒன்றைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். ஒரு தடி, அடியில் ஒரு வட்டத் தட்டு, பிடியில் ஒரேயொரு குமிழ். குமிழை முறுக்கு, சத்தம் மெல்லிசாகக் கேட்டதும் நிறுத்து, தட்டை மணலோடு ஒட்டப் பிடித்து ஆறுதலாக நட, சத்தம் பெருத்தால் தோண்டு. இவ்வளவுதான் பாடம். உப்புத் தண்ணீர் ஊறிய மணலில் இது கண்டபாட்டுக்குக் கத்தும், காய்ந்த மணலில் நல்ல பிள்ளை என்றும் சொன்னார். பக்கத்தில் பதினான்கு குமிழ்களோடு இன்னொன்று இருந்தது. விலை நாலு மடங்கு. அது யாருக்கு என்று கேட்டதற்கு, முதலாவதை ஐந்து வருடம் பாவித்தவனுக்கு என்றார் கிழவர்.

கேதீஸ்வரன் அன்றைக்கே வாங்கியிருக்கலாம். பணமும் பையில் இருந்தது. ஆனால் ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர், மேலிடத்தைக் கேட்காமல் ஒரு குண்டூசியும் வாங்கியறியாதவர். சனிக்கிழமை வருகிறேன் என்றார். கிழவர் அவருடைய பெயரை ஒரு மட்டையில் எழுதிக் கருவியில் கட்டித் தொங்கவிட்டார். மெல்பேர்னில் படித்தவர்கள் எல்லாரும் கூடுமிடம் மகாசபை. அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கினால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தார். ஆறுதல் தேடிப் போனவன் கதை எங்கே முடியும் என்பது கச்சேரிக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாசி மாதக் கூட்டத்தில் ‘வேறு விடயங்கள்’ என்ற பகுதி வந்ததும் அவர் எழுந்து நின்று, புதிய ஆள் ஒருவர் பாவிக்கக்கூடிய, மலிவான, எளிதான மெற்றல் டிடெக்டர் எது என்று யாருக்காவது தெரியுமா எனக் கேட்டார். டண்டெனோங் கடையில் தன் பெயரோடு ஒன்று தொங்குவதையும் சொன்னார். காரியதரிசி சிறிதரன் பேனாவைக் கீழே வைத்தார். கொழும்பில் ஒரு திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். கேள்விகளுக்கு இருபத்தொரு நாள் முன்னறிவித்தல் வேண்டும் என்றார். அது வேறு விடயம் என்றால் எந்த விடயத்திலிருந்து வேறு என்றும் கேட்டார். இதற்கு முக்கால் மணி நேரம் போனது.

அப்போதுதான் தலைவர் எழுந்தார். மகேந்திரராஜா பொறியியலாளர், உடுத்தினால் கழுத்துப்பட்டியோடுதான் உடுத்துவார், கடற்கரைக்கும் அப்படித்தான். கேதீஸ்வரனுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்ததும் அவர் எழுதிய ஒரு கடிதத்தால்தான்.

“தம்பி, நீர் வாங்கினால் அது ஒரு சாமான்” என்றார் தலைவர். “சபை வாங்கினால் அது சரித்திரம். சபையின்ர சுற்றுலாவிலை, சபையின்ர கயிற்றிலை தொலைஞ்ச காப்பு அது. அதைத் தேடுற உரிமையும் சபைக்குத்தான் இருக்கு. உம்மட பேரைக் கடையிலை கட்டித் தூக்கியிருக்காம். அதை அவிழ்த்துப்போடச் சொல்லும். இல்லாட்டில் நீர் சபையை நம்பேல்லை எண்டு சனம் நினைக்கும்.”

சபை கைதட்டியது. கேதீஸ்வரனும் தட்டினார். மறுநாள் கடைக்குத் தொலைபேசியில் பேசி, தனக்கு அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய் யோகராணியிடம், சபையே முழுப்பொறுப்பையும் ஏற்றிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். எப்ப எடுத்துத் தருவினம் என்று மட்டும் யோகராணி கேட்டார். கூடிய கெதியில் என்றார் இவர்.

மெற்றல் டிடெக்டர் தெரிவு உபகுழு பங்குனியில் கூடியது. பதினொரு அங்கத்தவர்கள். அவர்களில் எவரும் மெற்றல் டிடெக்டரைக் கண்ணால் கண்டதாகச் சொல்லவில்லை. கண்டதாகச் சொன்ன ஒரேயொருவர் கேதீஸ்வரன். அவர் நலன்சார்ந்த தரப்பு என்றபடியால் உள்ளே இருக்கக்கூடாது என்று சிறிதரன் தீர்ப்புச் சொல்லி, வெளி விறாந்தையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். அழைத்தால் மட்டும் வரவேண்டும்.

முதல் அமர்வில் சேஷாத்ரி பேசினார். கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிப்பவர், கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும் என்று காந்தக் கல்லிலிருந்து ஆரம்பித்தார். இரண்டரை மணி நேரம். கரும்பலகை மூன்று தரம் அழிக்கப்பட்டது. முடிவில் கேதீஸ்வரனை உள்ளே அழைத்து, கேள்வி உண்டா என்றார்கள். எதை வாங்கலாம் என்று அவர் கேட்டார். சேஷாத்ரி கைகளில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் தட்டிக்கொண்டு மிகவும் வருத்தத்தோடு, “அது அப்ளிகேஷன் சார். நான் தியரி” என்றார்.

பிறகு கேதீஸ்வரனின் விண்ணப்பம் எடுக்கப்பட்டது. அதில் அவர் மூன்று சொற்கள் எழுதியிருந்தார்: மலிவு, எளிது, புதிய ஆளுக்கு ஏற்றது. உபகுழு ஒவ்வொரு சொல்லாக விசாரணைக்கு எடுத்தது.

புதிய ஆள் என்றால் யார்? உபகுழுவில் எவரும் தாம் புதிய ஆள் என்று ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாரும் எல்லாவற்றிலும் பழையவர்கள். ஆகவே விண்ணப்பதாரரே புதிய ஆள்தானா என்று உறுதிப்படுத்தப் பரீட்சை வைப்பது என்று பிரேரிக்கப்பட்டு வழிமொழியப்பட்டது. சித்திரையில் ஒரு சனிக்கிழமை கேதீஸ்வரன் இருபது கேள்விகளுக்கு விடை எழுதினார். ஏழாம் கேள்வி, எவ்வகை மணலில் கருவி தடுமாறும் என்பது. உப்பு நீர் ஊறிய மணலில் என்று எழுதினார். கடைக்காரக் கிழவர் சொன்னதுதான். அது சரியா பிழையா என்று உபகுழுவில் யாருக்கும் தெரியாதபடியால் விடைத்தாள் சேஷாத்ரிக்கு அனுப்பப்பட்டது. இருபதுக்குப் பதினேழு. இரண்டு கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது: ‘தாங்கள் புதிய ஆள் அல்லர் என்பதை மகிழ்ச்சியுடன் அறியத்தருகிறோம். ஆகவே புதிய ஆளுக்கு ஏற்றது என்ற நிபந்தனை விண்ணப்பத்திலிருந்து நீக்கப்படுகிறது.’

அடுத்தது எளிது. சபையில் நாலு பொறியியலாளர்கள், இரண்டு வைத்தியர்கள், ஒரு கணக்காய்வாளர். இவ்வளவு மூளைகளை வைத்துக்கொண்டு எளிதான கருவி வாங்குவது தமிழினத்துக்கே இழுக்கு என்று ஒருவர் மேசையில் அடித்தார். எளிது நீக்கப்பட்டது. மலிவு என்ற சொல்லுக்கு அவ்வளவு நேரமும் ஆகவில்லை. சிட்னிச் சங்கத்தார் அந்த மாதந்தான் ஆறடி உயரக் குத்துவிளக்கு ஒன்றை வரவழைத்திருந்தார்கள். நாங்கள் மலிவுச் சாமான் வாங்கியது சிட்னிக்குத் தெரிந்தால் எங்கே கொண்டுபோய் முகத்தை வைப்பது என்று தலைவர் கேட்டார். வைக்க இடமில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஆக ஆனியில், மூன்று சொற்களும் போன பிறகு மிஞ்சிய விண்ணப்பத்துக்கு ஏற்ற கருவியாகப் பதினான்கு குமிழ்க் கருவி தெரிவு செய்யப்பட்டது.

ஒவ்வொரு கூட்டம் முடிந்து வரும்போதும் யோகராணி, என்னவாம் என்று கேட்பார். நல்லாப் போகுது என்பார் கேதீஸ்வரன். ஒருநாள் யோகராணி, அந்தக் கடையில் நாங்களே ஒன்றை வாங்கினால் என்ன என்று கேட்டார். இவருக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் உபகுழு ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும்போது தனிப்பட்ட கொள்வனவு செய்வது முறையல்ல என்று மனைவிக்கு விளக்கினார். கச்சேரி அவரை விட்டாலும் அவர் கச்சேரியை விடவில்லை.

ஆடியில் தலைவரும் காரியதரிசியும் வீட்டுக்கே வந்தார்கள். தலைவரின் முகம் குளிர்காலத்திலும் வெயிலில் கறுத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருங்காலக் கோயிலுக்குக் காணி பார்த்துத் திரிகிறேன் என்றார். சமூகத்துக்காக மனிதர் இப்படி வாடுகிறாரே என்று கேதீஸ்வரன் நெகிழ்ந்துபோனார். தேநீர் குடித்து முடிந்ததும் சிறிதரன் விடயத்துக்கு வந்தார். கருவியைத் தொலைந்த பொருளுக்கு ஏற்றபடி இசைவாக்க வேண்டும், அதற்கு அதே எடையில், அதே அளவில், அதே பவுணில் ஒரு மாதிரிப் பொருள் வேண்டும். மற்றக் காப்பைக் கொடுத்துவிட்டால் சபை பத்திரமாக வைத்திருக்கும்.

யோகராணி குசினி வாசலில் நின்றபடியே, “அதைத் தரேலாது” என்றார்.

கேதீஸ்வரன் அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். சபை என்றால் நம்முடைய வீடு மாதிரி என்றார். பற்றுச்சீட்டுத் தருவார்கள் என்றார். பெரிய மனிதர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள், மறுத்தால் மரியாதையில்லை என்றார். யோகராணி தரமாட்டேன் என்று திரும்பச் சொல்லவில்லை, தருகிறேன் என்றும் சொல்லவில்லை. இடக்கையை மேசையில் வைத்தபடி நின்றார். காப்பைக் கழற்றியது கேதீஸ்வரன். சவர்க்காரம் தேவைப்படவில்லை, லேசாக வந்துவிட்டது. சிறிதரன் அதைக் கடித உறைக்குள் போட்டு ஒட்டி, ‘மாதிரிப் பொருள் இல. 1’ என்று எழுதி, பற்றுச்சீட்டும் கொடுத்தார். கார்பன் தாள் வைத்து எழுதிய நல்ல பற்றுச்சீட்டு.

கருவியின் தொடக்க விழா கார்த்திகையில், அதே கடற்கரையில் நடந்தது. பிரதம விருந்தினராக நகரசபை உறுப்பினர் ஒருவரை அழைத்திருந்தார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரியாமலே மாலையைப் போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். காற்றில் குத்துவிளக்கு ஒன்பது தரம் ஏற்றப்பட்டு ஒன்பது தரம் அணைந்தது. கருவிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அது மட்டுமா, பதினான்கு குமிழ்களுக்கும் பக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துக்களைச் சுரண்டிவிட்டு, உபகுழு நாலு அமர்வுகளில் இயற்றிய தனித்தமிழ்ப் பெயர்களை ஒட்டியிருந்தார்கள். எந்தக் குமிழுக்கு எந்தப் பெயர் என்ற தாள் பெயர் இயற்றியவரின் பழைய சட்டைப் பைக்குள் போய், சட்டை சலவைக்குப் போய்விட்டதால், பெயர்களின் ஓசை நயத்தைப் பார்த்து ஒட்டியிருந்தார்கள்.

தலைவர் பேசினார். இந்தக் கருவி வெறும் தங்கத்தைத் தேடும் கருவியல்ல, இனத்தின் தன்மானத்தைத் தேடும் கருவி என்றார். ஒரு சாதாரண அங்கத்தவரின் ஒரு சாதாரண காப்புக்காகச் சபை பத்து மாதம் உழைத்திருக்கிறது என்றும், பத்து மாதத்தில் இருபத்தாறு கூட்டங்கள் கூடி, ஒரு கூட்டத்தில்கூடக் கோரம் குறையவில்லை என்றும், உலகத்தில் வேறெந்த இனமும் ஒரு காப்புக்காக இப்படிக் கூடியதில்லை என்றும் சொன்னார். அது உண்மையாகவே இருக்கும்.

பேச்சு நடந்துகொண்டிருந்தபோது சிறிதரன் நிகழ்ச்சி நிரலின்படி மாதிரிப் பொருள் இலக்கம் ஒன்றை மணலில் புதைத்து, அதன்மேல் ஒரு சின்னச் சிவப்புக் கொடியை நட்டார். பிரதம விருந்தினர் கருவியைப் பிடித்து அதைக் கண்டுபிடிப்பார், எல்லாரும் கைதட்டுவார்கள், அதன் பிறகு தொலைந்த காப்பைத் தேடுவது என்பது ஏற்பாடு. படம் எடுக்க வந்தவர், கொடி அசிங்கமாக விழுகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்தார்.

கருவியை முடுக்கினார்கள். வீரிட்டது. குத்துவிளக்குக்கு வீரிட்டது, தலைவரின் மண்வெட்டிக்கு வீரிட்டது, பட்டுச்சேலைகளும் நகைகளுமாக நின்ற பெண்களின் பக்கம் திருப்பினால் நிற்கவேயில்லை. பெண்கள் ஐம்பது யார் தள்ளிப்போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் போனார்கள். யோகராணி போகவில்லை. தட்டு அவருடைய கைகளைக் கடந்து போனபோது மட்டும் கருவி வாயைத் திறக்கவில்லை. கேதீஸ்வரன் அதைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பொறியியலாளர்கள் நால்வரும் ஆளுக்கொரு குமிழை முறுக்கினார்கள். அலை ஏறி மணலை நனைத்துக்கொண்டு வந்தது, கருவி இன்னும் மோசமாகக் கத்தியது. ஏழாம் கேள்வியின் விடை அது என்று சொல்லக் கேதீஸ்வரன் வாயெடுத்தார், பேச்சாளர் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை என்று சிறிதரன் தடுத்தார். கொடி எங்கே நட்டது என்பதில் மூன்று அபிப்பிராயங்கள் எழுந்தன. சபை மூன்றாகப் பிரிந்து மூன்று இடத்தில் தோண்டியது. மாலைக்குள் கிடைத்தவை முப்பத்திரண்டு போத்தல் மூடிகள், ஒரு கரண்டி, இரண்டு சதக் காசு ஒன்று. கிணறு வெட்டினால் பூதமாவது வரும் என்பார்கள், இங்கே அதுவும் வரவில்லை.

யோகராணி ஒருவரையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்காலில் இருந்து, வெறுங்கையால் மணலை அள்ளி அள்ளிப் போட்டார். அரை மணி நேரத்தில் அவருடைய கைக்கு ஒரு காப்பு அகப்பட்டது.

தலைவர் ஓடிவந்து அதை வாங்கி உயரப் பிடித்தார். படம் எடுக்கப்பட்டது. பிரதம விருந்தினர் கைகுலுக்கினார். ‘மகாசபையின் கருவி வென்றது’ என்று ஒலிபெருக்கி சொன்னது. ஆரவாரம் அடங்கியதும் கேதீஸ்வரன் மெல்லக் கேட்டார், இது எந்தக் காப்பு, தையில் விழுந்ததா, இன்றைக்குப் புதைத்ததா என்று.

எல்லாரும் சேஷாத்ரியைப் பார்த்தார்கள். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே அச்சு, பௌதிகத்தால் சொல்ல முடியாது என்றார். அதற்குள் சிறிதரன் விண்ணப்பத் தாள்கள் கோத்த கோவையைப் புரட்டியிருந்தார்.

“இதிலை குழப்பம் ஒண்டுமில்லை” என்றார் சிறிதரன். “உம்மட விண்ணப்பம் ஒரு காப்புக்கு. கிடைச்சது ஒரு காப்பு. தொலைஞ்ச பொருள் மீட்கப்பட்டது எண்டு எழுதி முடிக்கலாம்.”

“அப்ப மற்றது?”

“மற்றது தொலைஞ்ச பொருள் இல்லை, மாதிரிப் பொருள். மாதிரிப் பொருள் பரிசோதனையிலை செலவாகும். அது உலக வழக்கம்.”

தேடிப் பார்க்கலாமே என்று கேதீஸ்வரன் கேட்டார். பிரதம விருந்தினருக்கு நேரமாகிறது, வடையும் முடிந்துவிட்டது, வேண்டுமானால் புதிய விண்ணப்பம் ஒன்றை இருபத்தொரு நாள் முன்னறிவித்தலோடு தரலாம் என்றார் தலைவர். சிறிதரன் ஒரு தாளை நீட்டினார். ‘தொலைந்த பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். சபைக்கு என் குடும்பத்தின் நன்றி’ என்று தட்டச்சில் அடித்திருந்தது. விழாவுக்கு முன்பே அடித்து வைத்தது அது. கீழே புள்ளிக்கோடு. அதில் கையெழுத்து வைக்கக்கூடாது என்று கேதீஸ்வரனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடம் புள்ளிக்கோட்டைக் கண்ட இடத்தில் ஒப்பமிட்ட கை அது. எசமானைக் கேட்காமலே எழுதிவிட்டது.

திங்கட்கிழமை அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு டண்டெனோங் கடைக்கு ஓடினார். கிழவருக்கு அவரை நினைவிருந்தது. அந்த ஒற்றைக் குமிழ்க் கருவியா, அது மாசியிலேயே போய்விட்டதே, உன்னுடைய மட்டையோடுதான் போனது என்றார். உன் சிநேகிதர்தான் வந்தார், கழுத்துப்பட்டி கட்டியவர், உனக்கு இனி வேண்டாமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். மாதா மாதம் பற்றரி வாங்க வருவார். பல்லாரற் பக்கம் ஞாயிறு தவறாமல் போகிறாராம், நல்ல அதிர்ஷ்டமாம். கிழவர் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டே போனார். அந்த மாதிரி இனி வராதாம், எல்லாருக்கும் இப்போது நிறையக் குமிழ் வேண்டுமாம்.

ஏமாற்றப்பட்டவனுக்குக் கோபம் வரும் என்பார்கள். கேதீஸ்வரனுக்கு முதலில் வந்தது வெட்கம். அப்படியே கிரான்பர்னுக்கு பஸ் பிடித்துத் தலைவர் வீட்டுக்குப் போனார்.

மகேந்திரராஜா கராஜுக்குள் இருந்தார். கருவி அவர் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. பிடி தேய்ந்து பளபளத்தது. மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தல், அடியில் உழுந்து போலச் சில தங்கத் துணிக்கைகள். தலைவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டியது ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவுமில்லை.

“வாரும் தம்பி, இரும். நீர் அண்டைக்குச் சபையிலை கேட்டீர் எல்லே, புதிய ஆளுக்கு எது நல்லது எண்டு? இதுதான். நான் பத்து மாதம் பாவிச்சுப் பார்த்துச் சொல்லுறன். விலை குறைவு, ஒரு குமிழ், சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.”

கேதீஸ்வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அதை இரவல் தரமுடியுமா என்று கேட்டார்.

தலைவர் நெடுநேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

“தந்தால் என்ன எண்டுதான் எனக்கும் மனம். ஆனால் பாரும், சபைக்கெண்டு ஒரு மெஷின் இருக்கேக்கை, தலைவர் தன்ர மெஷினை இரவல் குடுத்தால், சபையின்ர மெஷின் சரியில்லை எண்டு நானே சொன்ன மாதிரி ஆகிப்போடும். எனக்கு நீர் முக்கியம்தான். சபை அதைவிட முக்கியம். அதோட உம்மட கோவையும் மூடியாச்சு. நீர் கையெழுத்து வைச்சிட்டீர்.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார். அடுத்த வருடச் சுற்றுலாவுக்கு யோகராணியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேதீஸ்வரன் ஒன்றையும் விடாமல் மனைவியிடம் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் வந்தது. துரோகிகள் என்றார். கூட இருந்து குழிபறித்தார்கள் என்றார். மகாசபையிலிருந்து விலகிக் கடிதம் எழுதப்போவதாகவும், அதன் பிரதியைச் சிட்னிக்கு அனுப்பப்போவதாகவும் சொல்லி, எழுதத் தாளும் எடுத்து வைத்தார். யோகராணி குசினி மேசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்த காப்பு மேசையில்தான் கிடந்தது, அதை அவர் போடவில்லை. எல்லாம் சொல்லி முடிந்த பிறகு வாய் திறந்தார்.

“அவையள் எனக்கு ஆர்? அவையளிலை எனக்குக் கோபம் வரேல்லை. அவையள் கேட்டவை, அவ்வளவுதான். கழற்றிக் குடுத்தது நீங்கள்.”

கேதீஸ்வரன் எழுத எடுத்த தாள் அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை யோகராணி, மா அரிக்கும் அரிதட்டை ஒரு பைக்குள் வைத்துக்கொண்டு வெரிபீ ரயிலுக்குப் புறப்பட்டார். கேதீஸ்வரன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து, தானும் வரட்டுமா என்று கேட்டார். யோகராணி படலையில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“வேண்டாம். ரெண்டு பேர் போனால் கூட்டமாகிப்போடும்.”